பாறசாலையிலிருந்து லண்டன் வரை: பிள்ளையைக் காணச் செல்லும் பெற்றோர் கவனத்துக்கு

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லையோர ஊர்களின் வங்கிக் கிளைகளில் கடந்த சில ஆண்டுகளாக ஒரு புதுவகைக் கேள்வி எழுந்து வருகிறது. முதலில் பெற்றோர்கள் கல்விக் கடன் கேட்டு வந்தனர். பிறகு கல்விக் கட்டணம் அனுப்ப வந்தனர். இப்போது அதே பெற்றோர்கள் மூன்றாம் முறையாக வந்து, "பிள்ளையைப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும்; விடுமுறையில் நான்கு நாள் லண்டனைச் சுற்றிக் காட்டுகிறேன் என்கிறாள்; அதற்கு என்னென்ன செய்யவேண்டும்?" என்று கேட்கின்றனர். கடனுக்கும் கட்டணத்துக்கும் எங்களிடம் அச்சிட்ட படிவங்கள் உண்டு. இந்தக் கேள்விக்கு அப்படி ஒரு படிவம் இல்லை. ஆகவே கவுண்ட்டருக்கு இப்பால் அமர்ந்து நாங்கள் கண்டதையும் சொல்லிவந்ததையும் இங்கே சற்று விரிவாகக் கூற விழைகிறோம்.

கேரள இடப்பெயர்வு ஆய்வு 2023இன்படி, வெளிநாடுகளில் பயிலும் கேரள மாணவர்கள் ஏறத்தாழ 2.5 லட்சம் பேர். 2018இல் இந்த எண்ணிக்கை 1.29 லட்சமாக இருந்தது. ஐந்தே ஆண்டுகளில் ஏறக்குறைய இரு மடங்கு. இவர்களுள் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் பெண்கள். வளைகுடாவுக்குச் சென்ற தலைமுறை அங்கிருந்து ஊருக்குப் பணம் அனுப்பியது. விடுப்பில் தாமே வந்து பெற்றோரைக் கண்டது. இன்று படிக்கச் செல்லும் தலைமுறைக்கு ஊரிலிருந்து பணம் போகிறது. பணத்தின் திசை மாறியதுபோலவே பயணத்தின் திசையும் மாறியிருக்கிறது. விமானச் சீட்டு, பகுதிநேர வேலை, வீட்டு வாடகை ஆகியவற்றைக் கணக்கிட்டுப் பிள்ளைகள் வரத் தயங்குகிறார்கள்; பெற்றோர்கள் புறப்படுகிறார்கள்.

பல நாடுகளுக்கும் இது பொருந்தும் என்றாலும், பிரிட்டனில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோரையே இங்கு முதன்மையாக மனத்திற் கொள்கிறோம். எங்கள் கவுண்ட்டருக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை அந்நாட்டைப் பற்றியவை.

பாறசாலைக்கும் லண்டனுக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1795இல் லண்டனில் தோன்றிய லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். பின்னர் பாறசாலையும் அச்சங்கத்தின் பணிக்களங்களுள் ஒன்றாயிற்று. அங்கே பல ஆண்டுகள் பணியாற்றிய ஜான் ஆப்ஸ், திருவிதாங்கூரில் தாம் கழித்த 22 ஆண்டுகளைப் பற்றி 1870இல் ஒரு நூல் வெளியிட்டார். அச்சங்கத்தாரின் கடிதங்களும் அறிக்கைகளும் இன்று லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோவாஸ் நிறுவனத்தின் நூலகத்தில் காக்கப்படுகின்றன. நம் ஊரின் பெயர் அவற்றில் 'பரேசாலி' என்பதுபோல் ஒலிக்கும் பழைய எழுத்துக்கூட்டலில் காணப்படும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும் பெற்றோர் சில நிமிடம் நடந்தால் அந்தக் கட்டடத்தை அடைந்துவிடலாம். அங்கிருந்து இங்கே வந்தவர்கள் எழுதி அனுப்பியவை அங்கே இருக்கின்றன. இங்கிருந்து இப்போது நம் பிள்ளைகள் அங்கே போயிருக்கிறார்கள்.

யாருடைய செலவு?

இனி முதன்மையான செய்திக்கு வருவோம். பெற்றோர்கள் விசாவைப் பற்றியும் குளிரைப் பற்றியும் நிறையக் கேட்கிறார்கள். கேட்கத் தவறுவது ஒன்றே ஒன்றை: அங்கே போய் இறங்கிய பிறகு செலவு யாருடையது?

ஒரு தம்பதியரின் பயணத்தைச் சொன்னால் இது விளங்கும். கணவர் பாலராமபுரம் பக்கத்து நெசவுக்கூடம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மனைவி வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருப்பவர். மகள் பர்மிங்காம் நகரில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருந்தார். அவருக்கான கல்விக் கடனுக்கு வீட்டோடு சேர்ந்த 12 சென்ட் நிலம் பிணையாக இருந்தது. 7.5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குப் பொதுவாக இத்தகைய சொத்துப் பிணை வேண்டும் என்பதை வாசகர்கள் அறிவர். கடனுக்கு அப்பாற்பட்ட தொடக்கச் செலவுகளுக்கு அம்மையாரின் நகைகள் அடகுக்குப் போயிருந்தன.

டிசம்பர் விடுமுறைக்கு வருமாறு மகள் அழைத்திருந்தார். அவர் அனுப்பிய செய்தியைத் தந்தையார் கைப்பேசியில் எங்களுக்குக் காட்டினார். "டிக்கெட் மட்டும் நீங்க பாத்துக்கிடுங்க அப்பா. இங்க வந்தபிறகு உள்ளதெல்லாம் நான் பாத்துக்கிடுறேன்" என்று அதில் இருந்தது. தந்தையாருக்கு அதில் பெருமை. மகள் சம்பாதிக்கிறாள், அம்மா அப்பாவுக்குத் தன் கையால் லண்டனைக் காட்டப்போகிறாள்.

பெருமைப்பட வேண்டியதுதான். ஆனாலும் நாங்கள் இரண்டு கேள்விகள் கேட்டோம். வாடகை எவ்வளவு? அடுத்த கட்டணத் தவணை எப்போது? இரண்டுக்கும் அவரிடம் விடை இல்லை. மகளிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறிப் போனார். இரண்டு நாள் கழித்துத் தம்பதியர் இருவருமாக வந்தனர். ஜனவரியில் ஒரு தவணை கட்டவேண்டும் என்றும், லண்டனில் விடுதி அறைக்காக மகள் ஒதுக்கிவைத்திருந்தது அந்தத் தவணைப் பணத்தின் ஒரு பகுதி என்றும் தெரிந்தது. விடுமுறையில் கூடுதல் நேரம் வேலை செய்து ஈடுகட்டிவிடலாம் என்பது அவருடைய எண்ணம். ஆனால் அதே விடுமுறையில்தான் பெற்றோர் அங்கிருக்கப் போகிறார்கள்!

பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர்கள் பாடநாள்களில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. விடுமுறையில் முழுநேரம் செய்யலாம். முதுநிலை மாணவர்களுக்கோ கோடைக்காலமும் ஆய்வேடு எழுதும் காலமாகக் கருதப்படுவதால், பெரும்பாலும் அந்தச் சலுகை அப்போது கிடைப்பதில்லை. கட்டணத் தவணை தவறினால் பல்கலைக்கழகம் சேர்க்கையை ரத்து செய்யலாம். அப்படிச் செய்தால் அதை அந்நாட்டு உள்துறைக்குத் தெரிவிக்கவேண்டும். அதன்பின் மாணவர் விசாவே கேள்விக்குள்ளாகும். நான்கு நாள் உல்லாசத்துக்காக எடுத்த பணம், 12 சென்ட் நிலத்தின்மேல் நிற்கும் மூன்றாண்டுப் படிப்பை அசைத்துவிடக் கூடும். இதை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மகளுக்கு இது தெரியாமலும் இல்லை. பெற்றோர் முன்னால் கையை விரிக்க அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அம்மையார் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்குத் தனியா ஒரு கார்டு தாருங்க சாரே. அவளுக்க கையப் பாத்துட்டு நிக்கக் கூடாது" என்றார். அவ்வாண்டு முதிர்ந்த சிட்டிப் பணம் அவர் கணக்கில் இருந்தது. நகையைத் திருப்புவதற்காக வைத்திருந்த பணம் அது. ஒரு பகுதிக்கு நகையைத் திருப்பினார். மறுபகுதியைப் பவுண்டாக மாற்றினார்.

இங்கே ஒரு சிறு குறிப்பு. நாம் நகைக்குச் சொல்லும் 'பவுன்' என்ற சொல்லும் இந்தப் பவுண்டிலிருந்து வந்ததுதான். ஒரு பவுண்டு மதிப்புள்ள பிரிட்டிஷ் பொற்காசான சவரனின் எடை 7.98 கிராம். அதனால்தான் இன்றும் நமக்கு ஒரு பவுன் 8 கிராம். அம்மையாரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப பவுன வச்சுப் பவுண்டு வாங்குனேன்னு சொல்லுங்க" என்றார்.

எல்லாப் பெற்றோரும் உடனே புறப்பட்டுவிட வேண்டும் என்று நாங்கள் சொல்வதில்லை. கல்விக் கடனுக்கு ஓய்வூதியத்திலிருந்து மாதந்தோறும் வட்டி செலுத்திவரும் குடும்பம், அந்த வட்டியை நிறுத்திவிட்டுப் பயணம் போவது முறையன்று. அத்தகையோர் ஓராண்டு தள்ளிப்போடலாம். அல்லது தாய், தந்தை இருவருள் ஒருவர் மட்டும் சென்று வரலாம். கல்விக் கடன் மாணவரின் கட்டணம், தங்குமிடம், பயணம் முதலியவற்றுக்கு உரியது. பெற்றோரின் சுற்றுலாவுக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க இயலாது. தனிநபர் கடன் வழங்குவதும் எங்கள் தொழில்தான். ஆயினும் ஏற்கெனவே கல்விக் கடன் சுமக்கும் வீட்டில் உல்லாசப் பயணத்துக்காக இரண்டாவது கடன் வாங்குவதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை.

இரு மாநில ஆவணங்கள்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு வரைபடத்தில் விழுந்தது; உறவுகள் கோட்டைப் பார்க்கவில்லை. கணவர் வீடு பாறசாலையிலும் மனைவியின் தாய்வீட்டுச் சொத்து களியக்காவிளைக்கு அப்பாலும் இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். ஆகவே ஒரே குடும்பத்தின் கையில் மலையாளத்தில் நிலவரி ரசீதும் தமிழில் பட்டாவும் இருக்கும். பிரிட்டிஷ் விசா விண்ணப்பத்துடன் தரும் ஆவணங்கள் ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்கவேண்டும். இரு மொழிக்கும் இரு மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டியிருப்பதால், இதைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

பெயர்களிலும் இதே சிக்கல். பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயர் முழுமையாக, ஆதாரில் வெறும் தலைப்பெழுத்தாக, பான் அட்டையில் வீட்டுப் பெயருடன் என்று ஒரே மனிதர் மூவராகத் தோன்றுவதை வாரந்தோறும் காண்கிறோம். நெய்யாற்றின்கரையிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருப்பது நம் பகுதியினருக்கு வசதி. புதிதாக விண்ணப்பிக்கும்போதே மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காத தாய்மார் பலர், பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருப்பதால் தம்மை விமான நிலையத்தில் தடுப்பார்களோ என்று அஞ்சுகிறார்கள். அந்த அனுமதி குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோருக்கு மட்டுமே உரியது. மகளைப் பார்க்கச் செல்லும் தாய்க்கு அது பொருந்தாது.

பிரிட்டனுக்கான வழக்கமான பார்வையாளர் விசா 6 மாதம் வரை தங்க இடமளிக்கிறது. 2025 ஏப்ரலில் அதன் கட்டணம் 127 பவுண்டாக உயர்ந்தது. விசா மறுக்கப்பட்டால் இந்தத் தொகை திரும்பக் கிடைக்காது. எனவே கணக்கு அறிக்கை பற்றி ஒன்றை அழுத்திக் கூறவேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் உறவினரிடம் கைமாற்று வாங்கிக் கணக்கில் 5 லட்சம் ரூபாய் போட்டு, அறிக்கை எடுத்த மறுநாளே திருப்பிக் கொடுப்பது இங்கே பலர் நம்பும் உத்தி. அதிகாரிகள் பார்ப்பது கடைசி இருப்பை மட்டுமன்று. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும்தான். ரப்பர் பால் விற்ற பணமோ ஓய்வூதியமோ தையல் வருமானமோ, மாதந்தோறும் சிறுகச் சிறுகக் கணக்கில் வந்து சேர்ந்திருந்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. விசா தருவதும் மறுப்பதும் அந்நாட்டு அதிகாரிகளின் முடிவு. வங்கி அதற்கு உறுதி அளிக்க இயலாது.

மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் விசாவுடன் சுகாதாரக் கட்டணம் செலுத்தியிருப்பதால் அந்நாட்டு அரசு மருத்துவச் சேவை அவர்களுக்குக் கிடைக்கும். பார்வையாளராகச் செல்லும் பெற்றோருக்கு அது இல்லை. மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் அரசு நிர்ணயித்த விலையின் 150 சதவீதம் வசூலிக்கப்படும். இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உள்ள தந்தையார் ஒருவர் பனியில் வழுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

பணம் போகும் வழி

ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ், இந்தியாவில் வாழும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் அல்லது எடுத்துச் செல்லலாம். 2004இல் இத்திட்டம் தொடங்கியபோது உச்சவரம்பு 25,000 டாலர். நம் வாடிக்கையாளர்களில் இந்த உச்சவரம்பைத் தொடுவோர் அரியர். அவர்களைத் தொடுவது மூலத்தில் வசூலிக்கப்படும் வரி, அதாவது டிசிஎஸ்.

2025 ஏப்ரல் 1 முதல், ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பும் மொத்தத் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் மட்டுமே இவ்வரி வசூலிக்கப்படுகிறது. அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து போகும் கட்டணத்துக்கு இவ்வரி இல்லை. சொந்தப் பணத்தில் அனுப்பும் கல்விச் செலவுக்குக் குறைந்த விகிதம். சுற்றுலா போன்ற பிற செலவுகளுக்கு 20 சதவீதம். இந்த 10 லட்சம் என்பது நோக்கத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே கணக்கிடப்படுவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு தந்தை சொந்தச் சேமிப்பிலிருந்து 9 லட்சம் ரூபாய் கட்டணமாக அனுப்பிவிட்டு, அதே ஆண்டில் பயணத்துக்காக 3 லட்சம் ரூபாய்க்குப் பவுண்டு வாங்கினால், வரம்பைத் தாண்டிய 2 லட்சத்துக்கு 40,000 ரூபாய் டிசிஎஸ் கட்டவேண்டும். அந்தப் பணம் தொலைந்துபோவதில்லை; வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் பயணத்துக்கு முந்தைய வாரம் 40,000 ரூபாய் கையை விட்டுப் போவது சிறிய தொல்லை அன்று. தாயாருக்குச் சொந்த வருமானமும் சேமிப்பும் பான் அட்டையும் இருக்குமானால், அவர் பயணத்துக்கான அன்னியச் செலாவணியை அவர் பெயரிலேயே எடுக்கலாம். அவருடைய 10 லட்சம் தனி. விகிதங்களும் வரம்பும் நிதிநிலை அறிக்கைகளில் மாறக்கூடியவை. புறப்படும் முன் கிளையில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஒருவர் ஒரு பயணத்துக்குப் பொதுவாக 3,000 டாலர் மதிப்பு வரை அன்னிய நோட்டுகளாகக் கொண்டு செல்லலாம். எஞ்சியது அட்டையிலோ பிற வழியிலோ போகவேண்டும். பவுண்டில் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் அட்டை நல்லது; ஏற்றிய நாளின் மாற்று விகிதமே கடைசிவரை நிற்கும். இங்கு நாம் பயன்படுத்தும் சாதாரண அட்டைகளுக்கு, வெளிநாட்டில் ஒவ்வொரு செலவின்மேலும் 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணம் விழலாம். மேலும், அட்டைகள் வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கு நீங்களே இயக்கினால்தான் அங்கே வேலை செய்யும். கடைக்காரர் இயந்திரத்தில் "ரூபாயிலா, பவுண்டிலா?" என்று கேட்டால் பவுண்டையே தேர்ந்தெடுக்கவும். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தை அவர்கள் தரப்பு நிர்ணயிக்கும். அது நமக்கு நட்டம்.

இனி, எழுதாமல் விட முடியாத ஒன்று. "இங்கே என் கணக்கில் ரூபாய் போட்டுவிடுங்கள், அங்கே உங்கள் மகளுக்குப் பவுண்டு கொடுத்துவிடச் சொல்கிறேன், வங்கியைவிட நல்ல விலை" என்று கூறுவோர் நம் பகுதியிலும் உள்ளனர், மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் உள்ளனர். இது 1999ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்துக்கு மாறானது. அதைவிடக் கொடுமை, அங்கே மகள் கணக்கில் வந்து விழும் பணம் யாருடையது, எந்தக் குற்றத்தில் கிடைத்தது என்று எவருக்கும் தெரியாது. ஐயம் எழுந்தால் அங்குள்ள வங்கி மாணவியின் கணக்கை முடக்கிவிடும். வாடகைக்கும் சோற்றுக்கும் வைத்த பணமும் சேர்ந்து முடங்கும். பவுண்டுக்கு இரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்ப் பிள்ளையைக் காவல்துறை விசாரணைக்கு அனுப்பிவைக்காதீர்கள்.

லண்டனில் நான்கு நாள்

மேற்சொன்ன தம்பதியர் திருவனந்தபுரத்தில் விமானமேறி, வளைகுடாவில் மாறி, டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பர்மிங்காம் சேர்ந்தனர். இறைச்சியும் பால் பொருள்களும் அந்நாட்டுக்குக் கொண்டுசெல்ல அனுமதி இல்லை என்பதால், வறுத்த கோழியையும் நெய்யையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, ஏத்தங்காய் சிப்ஸும் மரச்சீனி வற்றலும் கொண்டு சென்றனர்.

லண்டன் பயணத்தை டிசம்பர் 27இல் தொடங்கியது மகளின் முன்யோசனை. டிசம்பர் 25 அன்று லண்டனில் பாதாள ரயில், பேருந்து, தொடர்வண்டி எதுவும் ஓடாது. பெரிய அருங்காட்சியகங்கள் 24 முதல் 26 வரை மூடியிருக்கும். கிறிஸ்துமஸ் நாளில் லண்டன் ஒளிமயமாக இருக்கும் என்று எண்ணி அன்றைக்கு அறை எடுக்கும் பெற்றோர், நடந்தே திரிய வேண்டியதுதான். அந்தப் பருவத்தில் பிற்பகல் 4 மணிக்குள் இருட்டிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். ஒரு நாளில் பார்க்க இரண்டு இடம் போதும். ஐந்து நாளில் மூன்று நாடு என்று சுற்றுவதைவிட, நான்கு நாளில் ஒரே நகரத்தைப் பார்ப்பது வயதானவர்களின் முழங்காலுக்கும் பணப்பைக்கும் நல்லது என்பது எங்கள் கருத்து.

தொடர்வண்டிக் கட்டணத்தில் மாணவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி தரும் அட்டை உண்டு என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். சேர்ந்து பயணம் செய்யும் இருவருக்கென்று அதே அளவு தள்ளுபடி தரும் இன்னோர் அட்டை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தாயும் தந்தையுமாக அதை எடுத்துக்கொள்ளலாம். வார நாள்களில் காலை 9.30க்குப் பிறகே செல்லும். 60 வயது நிறைந்தோருக்குத் தனி அட்டை இருக்கிறது.

லண்டன் பேருந்துகளில் 2014 ஜூலை முதல் ரொக்கம் வாங்குவதில்லை. நடத்துநரும் இல்லை. ஏறும்போது அட்டையை இயந்திரத்தில் தொட்டுக் காட்டவேண்டும்; எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்து மாறினால் மீண்டும் கட்டணம் இல்லை. ஆனால் ஒருவருக்கு ஓர் அட்டை. தந்தையின் அட்டையைத் தொட்டுவிட்டுத் தாயும் ஏறிவிட முடியாது. ஊரில் கணவர் பணம் கொடுக்க மனைவி பின்னால் ஏறுவதே வழக்கமாக இருந்த குடும்பங்களில், அங்கே தாய்க்குத் தனி அட்டை இல்லையென்றால் ஒவ்வொரு படியிலும் மகளின் கையை எதிர்பார்த்து நிற்க நேரும். அம்மையார் தம் அட்டையைத் தாமே தொட்டு ஏறினார். முதல் நாள் இயந்திரம் ஒலிக்கிறதா என்று இருமுறை பார்த்தாராம். இரண்டாம் நாள் மாடிப்பேருந்தின் மேல்தளத்தில் முன்னிருக்கையைப் பிடிக்க மகளை முந்திக்கொண்டு ஏறினாராம்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகம், தேசிய ஓவியக்கூடம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆகியவற்றின் நிரந்தரக் கூடங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. வங்கிக்காரர்களாகிய நாங்கள் பரிந்துரைப்பது பாங்க் ஆஃப் இங்கிலாந்து அருங்காட்சியகத்தை. அதற்கும் கட்டணம் இல்லை; வார நாள்களில் மட்டுமே திறந்திருக்கும். ஏறத்தாழ 13 கிலோ எடையுள்ள உண்மையான தங்கக் கட்டி ஒன்றை, கண்ணாடிப் பெட்டியின் துளை வழியே கைவிட்டுத் தூக்கிப் பார்க்கலாம். அம்மையார் தூக்கிப் பார்த்தார். "எத்தன பவுன் வரும்?" என்று கேட்டார். ஆயிரத்து அறுநூறுக்கு மேல் என்று தந்தையார் கணக்குப் போட்டுச் சொன்னார்.

உறவினர்கள் பழைய பவுண்டு நோட்டுகளைக் கொடுத்தனுப்பும் பழக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறோம். காகிதத்தில் அச்சிட்ட 20, 50 பவுண்டு நோட்டுகள் 2022 செப்டம்பர் 30க்குப் பிறகு கடைகளில் செல்லா. அவற்றைப் பாங்க் ஆஃப் இங்கிலாந்து இன்றும் மாற்றித் தருகிறது.

மூன்றாம் நாள் மூவரும் கிழக்கு லண்டனில் உள்ள ஈஸ்ட்ஹாம் போயினர். அங்கே ஒரே தெருவில் தமிழிலும் மலையாளத்திலும் கடைப் பலகைகள். ஒரு கடையில் பரோட்டா. அடுத்த கடையில் இலங்கைத் தமிழரின் இடியாப்பம். காய்கறிக் கடையில் மரச்சீனிக் கிழங்கும் முருங்கைக்காயும். கடைக்காரரிடம் எந்த மொழியில் பேசுவது என்று அங்கே ஒருவரும் தயங்குவதில்லை. பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசினாலும் விளங்கிக்கொள்கிறார்கள். "களியக்காவிளை ஜங்சன் மாதிரியே கிடக்கு சாரே" என்பது தந்தையாரின் மதிப்பீடு.

அந்தப் பயணத்தில் அவர்கள் கண்டவற்றுள் தேம்ஸ் நதியும் கோபுரப் பாலமும் எங்களுக்கு முக்கியமாகத் தோன்றவில்லை. லண்டனுக்குப் புறப்படும் முன் ஒரு வாரம் மகளின் அறையில் தங்கியிருந்தனர். ஐந்து பேர் பங்கிடும் சமையலறை. குளிர்பதனப் பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு. முதியோர் இல்லத்தில் மகள் செய்யும் பகுதிநேர வேலைக்கு விடியுமுன் பேருந்து பிடிக்கவேண்டும். காணொளி அழைப்பில் ஒன்றரை ஆண்டாகச் சுவரின் ஒரே மூலையைக் காட்டிப் பேசிவந்ததன் காரணம் அம்மையாருக்கு அப்போது விளங்கியது. மகளின் காலணி அடியில் விட்டுப்போயிருந்தது. மழையில் காலுறை நனையும். கேட்டதற்கு, "அடுத்த மாசம் வாங்கலாம்னு இருந்தேன் அம்மா" என்றாராம்.

அம்மையார் தம் அட்டையில் முதலில் செலவிட்டது அந்தக் காலணிக்குத்தான். லண்டன் விடுதி அறைக்குத் தந்தையாரின் அட்டையிலிருந்து பணம் போயிற்று. மகளின் தவணைப் பணத்தை ஒருவரும் தொடவில்லை. ஜனவரியில் உரிய நாளில் அது கட்டப்பட்டது.

திரும்பி வந்தபின்

பயணத்தில் எஞ்சும் அன்னியச் செலாவணியை ஊர் திரும்பிய 180 நாள்களுக்குள் வங்கியிடம் ஒப்படைக்கவேண்டும். ஆனால் 2,000 டாலர் மதிப்பு வரை நோட்டுகளாக வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. நாணயங்களுக்கு வரம்பு இல்லை. அவற்றை வங்கி வாங்குவதில்லை என்பதால் லண்டனிலேயே செலவழித்துவிடுவது நல்லது. அட்டையில் எஞ்சியதை ரூபாயாக மாற்றித் திரும்பப் பெறலாம்.

பொங்கல் முடிந்த வாரம் தம்பதியர் கிளைக்கு வந்தனர். தந்தையாரின் அட்டையில் சில்லறை பவுண்டுகளே இருந்தன. அதைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அம்மையாரின் அட்டையில் 38 பவுண்டு இருந்தது. அவரும் எழுதிக் கொடுத்துவிடுவார் என்று விண்ணப்பத்தை நீட்டினோம். அவர் வாங்கவில்லை. அட்டை எந்தத் தேதிவரை செல்லும் என்று மட்டும் கேட்டார். மூன்று ஆண்டுக்கு மேல் இருக்கிறது என்றோம். மகளின் பட்டமளிப்பு விழா அதற்குள் வந்துவிடும் என்று சொல்லி, அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.